ஓக்கு காய்க்காத ஆண்டுகள்

பறவைகளின் பயணத்தில் இருவகை உண்டு. ஒன்று நாள் தவறாத பயணம். மாரி தொடங்கும் வேளையில் இந்தியாவின் வடபுலத்திலிருந்து இலங்கைக்கு வந்து சேரும் ஆறுமணிக் குருவி அவ்வகையைச் சேர்ந்தது. ஆண்டுதோறும் வருகின்றது, ஆண்டுதோறும் மீள்கின்றது. அதன் வரவைக் கண்டு எவரும் அஞ்சுவதில்லை. வராவிட்டாற்றான் ஏனென்று கேட்போம். மற்றையது கணக்கில் அடங்காத பயணம். பத்து ஆண்டுகளாக ஒன்றேனும் தலைகாட்டாத ஊரிலே, பதினோராம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், ஆயிரக்கணக்கான பறவைகள் வந்து இறங்கும். சில கிழமைகள் தங்கும். பின்னர், எங்கே போயின என்று சொல்ல ஒருவருமின்றி மறைந்துவிடும்.

ஐரோப்பாவின் வடபாதியிலுள்ள காடுகளில் வாழும் பறவைகள் சில இந்த இரண்டாம் வகைப் பயணத்தை மேற்கொள்பவை. ஜே எனப்படும் பறவை, குறுக்கலகன், மெழுகுச் சிறகன், கொட்டையுடைப்பான், பட்டாணிக் குருவியின் இனத்தவை ஆகியன அவற்றுள் முதன்மையானவை. இவற்றின் திடீர் வரவு எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்நாட்டு ஏடுகளில் இடம் பெற்று வந்திருக்கின்றது. மன்னரின் போர்களையும் திருச்சபையின் பூசல்களையும் எழுதிய கைகளே, ஓரத்திலே ஒரு சிறு குறிப்பாக இதனையும் எழுதி வைத்தன. அவ்வோரக் குறிப்புகளைச் சேர்த்துப் படித்தால், அச்சம் எவ்வாறு அறிவாக மாறியது என்பதற்கு ஒரு தெளிந்த சரித்திரம் கிடைக்கின்றது.

அக்குறிப்புகளுள் மிகவும் புகழ் பெற்றது 1251ஆம் ஆண்டுக்குரியது. இலண்டனுக்கு வடக்கேயுள்ள செயின்ற் ஓல்பன்சு மடத்தில் மத்தியூ பாரிசு என்னும் துறவி இருந்தார். தம் காலத்து நிகழ்ச்சிகளை ஆண்டு வரிசையில் எழுதுவதும், எழுதியவற்றுக்குப் பக்க ஓரத்தில் தம் கையாலேயே சித்திரம் தீட்டுவதும் அவர் தொழில். பிரெஞ்சு மன்னர் இங்கிலாந்து மன்னருக்கு 1255இல் அனுப்பிவைத்த யானையை வரைந்தவரும் அவரே. 1251இல் பழங்கள் கனியும் பருவத்தில், இங்கிலாந்தில் முன்னர் எவரும் கண்டிராத பறவைகள் பழத்தோட்டங்களிலே தோன்றின என்று அவர் எழுதுகின்றார். அவை வானம்பாடியிலும் சற்றே பெரியவை. அப்பிள் பழங்களைப் பிளந்து விதையை மட்டும் தின்று, சதையை விட்டுவிட்டன. அவற்றின் அலகின் இரு பாகங்களும் ஒன்றையொன்று குறுக்கிட்டுக் குறடு போல இருந்தன. அவை தொட்டு விட்டுச் சென்ற பழம் நஞ்சு தோய்ந்தது போலாகிவிட்டது. இவ்வாறு எழுதிவிட்டு, பக்கத்தின் ஓரத்திலே அப்பறவையின் உருவத்தையும் வரைந்து வைத்தார்.

நஞ்சைப் பற்றிய சொல்லில் அக்காலத்து மக்களின் நடுக்கம் தெரிகின்றது. ஆயினும் சித்திரத்திலே நடுக்கம் இல்லை. குறுக்கிட்ட அலகைக் கண்டார், கண்டதையே வரைந்தார். அதனாலேயே, இன்று அதனைப் பார்க்கும் எவரும் அது குறுக்கலகன் என்று ஐயமின்றிக் கூற முடிகின்றது. அவ்வலகு அப்பிளைப் பிளப்பதற்கென அமைந்ததன்று. வடக்கே நோர்வே முதல் சைபீரியா வரை பரந்து கிடக்கும் ஊசியிலைக் காடுகளில், ஸ்புரூசு மரத்தின் கூம்புக் காய்களிலுள்ள செதில்களை நெம்பி விதையை எடுப்பதற்கென்றே அமைந்த கருவி அது. அவ்விதை கிடைக்காத ஆண்டிலே, கருவியை உடையவன் தெரிந்த தொழிலைத் தெரியாத ஊரிலே செய்து பார்த்தான், அவ்வளவே. 1593இலும் இங்கிலாந்தில் அப்பிள் பழுக்குங் காலத்தில் இதே பறவை கூட்டங் கூட்டமாக வந்ததென்று மற்றொரு பழைய குறிப்பு உண்டு. இரண்டுக்கும் இடையே முந்நூற்று நாற்பத்திரண்டு ஆண்டுகள். இடைப்பட்ட காலத்தில் அவை வராமலிருந்தன என்று கொள்ளுதல் பொருந்தாது. எழுதுவதற்கு ஒரு மத்தியூ பாரிசு இல்லாதிருந்தார் என்பதே பொருத்தம்.

மெழுகுச் சிறகனின் கதை இதனினும் துயரமானது. இளஞ்சிவப்புக் கலந்த கபில நிற உடலும், தலையிலே ஒரு கொண்டையும், சிறகின் நுனிகளிலே அரக்குத் துளிகளைப் பதித்தாற்போன்ற சிவப்புப் புள்ளிகளும் கொண்ட அழகிய பறவை அது. வடபுலக் காடுகளிலே கூடு கட்டும்; இலையுதிர் காலத்திலும் குளிர் காலத்திலும் ரோவன் மரத்தின் செங்கனிகளைத் தின்று வாழும். அக்கனி பொய்த்த ஆண்டிலே தெற்கு நோக்கிப் பெருங்கூட்டமாகப் புறப்பட்டு, நகரத்துச் சோலைகளுக்குள்ளும் நுழைந்துவிடும். 1552ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ரைன் நதிக்கரையில், மைன்சு நகருக்கும் பிங்கன் நகருக்கும் இடையே, இவை பறந்த இடமெல்லாம் நிழல் படிந்து இரவு போல் இருண்டது எனப் பழைய பறவை நூல்கள் கூறும். நூல்கள் சற்று மிகைப்படுத்தியிருக்கலாம். கூட்டம் பெரிது என்பதில் ஐயமில்லை.

இத்துணை அழகிய பறவைக்கு ஒல்லாந்தர் இட்ட பெயர் யாது? கொள்ளைநோய்ப் பறவை என்பது. அம்மொழியில் இன்றும் அதுவே அதன் பெயர். ஜேர்மானியர் சிலர் அதனைச் சாவுப் பறவை என்றனர். ஏழாண்டுக்கு ஒருமுறை அது வரும் என்றும், வந்தால் போரோ பஞ்சமோ கொள்ளைநோயோ பின்தொடரும் என்றும் மத்திய ஐரோப்பாவின் ஊர்களில் நம்பினர்.

இந்நம்பிக்கையை அறியாமை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது எளிது; ஆனால் நியாயமன்று. 1347இல் ஐரோப்பாவுக்குள் நுழைந்த கொள்ளைநோய், அதன்பின் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஏதேனுமொரு நகரில் மீண்டும் மீண்டும் தலைகாட்டிக்கொண்டே இருந்தது. போருக்கும் குறைவில்லை. முப்பதாண்டுப் போர் என்றே ஒரு போருக்குப் பெயர் வழங்கும் கண்டம் அது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை துன்பம் வரும் நாட்டிலே, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் பறவை எதற்கும் முன்னறிவிப்பாகத்தான் தோன்றும். பறவை வந்து நோய் வராத ஆண்டை எவரும் நினைவில் வைப்பதில்லை. நோய் வந்து பறவை வராத ஆண்டைப் பற்றிப் பேசுவாருமில்லை. இரண்டும் ஒன்றாய் வந்த ஆண்டு மட்டும் பாட்டியிடமிருந்து பேரனுக்குச் செல்லும். இந்த வலையை அறுக்கக் கூடியது ஒன்றேயொன்று: வந்த ஆண்டையும் வராத ஆண்டையும் ஒரே கையால், ஒரே இடத்தில், விடாது எழுதி வைத்தல்.

அவ்வாறு எழுதியவர் ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாய்த்தார். வடகடலின் நடுவே, ஜேர்மனியின் கரையிலிருந்து ஏறத்தாழ அறுபது கிலோமீற்றர் தொலைவில், ஹெலிகொலாந்து என்னும் சிறு தீவு உண்டு. செந்நிறப் பாறை; பரப்பு ஒரு சதுர கிலோமீற்றர் அளவே; மரங்கள் மிகக் குறைவு. அந்நாளில் அது பிரித்தானியருக்கு உரியது. 1890இல் தான் அது ஜேர்மனிக்குக் கைமாறியது. கடலை ஓவியமாகத் தீட்டும் விருப்பத்தோடு 1837இல் அங்குச் சென்ற ஹைன்றிக் கேற்கே என்னும் ஜேர்மானிய இளைஞர், திரும்பி வரவேயில்லை. பிரித்தானியத் தேசாதிபதியின் செயலாளராகக் கடமை ஏற்று, அங்கேயே மணம் முடித்து, 1897இல் இறக்கும் வரை அங்கேயே வாழ்ந்தார். கடலைப் பார்க்கப் போனவரின் கண் பறவைகள் மீது சென்றது. அரை நூற்றாண்டுக் காலம் அத்தீவைக் கடந்து சென்ற பறவைகளைக் குறித்து வைத்து, 1891இல் ஒரு பெருநூலாக வெளியிட்டார். ஒரு சதுர கிலோமீற்றர் பாறையிலே ஏறத்தாழ நானூறு இனப் பறவைகளை அவர் கணக்கிட்டிருந்தார்.

பறவைகள் பறக்கும் வேகத்தையும் உயரத்தையும் பற்றி அவர் கூறியவற்றுட் சில பிற்காலத்தில் மிகையெனத் தள்ளப்பட்டன. அவருடைய நாட்குறிப்புகளோ நிலைத்து நின்றன. அவற்றுள் ஒன்று 1882ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்துக்குரியது. அம்மாதத்தில் அடுத்தடுத்த சில நாட்களிலே ஜேப் பறவைகள் ஆயிரம் ஆயிரமாக ஹெலிகொலாந்தைக் கடந்து மேற்கு நோக்கிச் சென்றன. அவர் அங்கு வாழ்ந்த காலமெல்லாம் அத்தீவுக்கு அது மிக அரிய விருந்தாளி. அதற்கு முன்னும் பின்னும் பல ஆண்டுகள் ஜே இல்லை என்று எழுதப்பட்டிருப்பதனாலேயே 1882 என்னும் ஆண்டு பொருள் பெறுகின்றது.

இந்த ஜேப் பறவையைச் சற்று நின்று பார்த்தல் வேண்டும். இந்தியாவில் ஆங்கிலேயர் நீல ஜே என்று அழைத்த பனங்காடைக்கும் இதற்கும் உறவில்லை. பெயரளவிலே நேர்ந்த மயக்கம் அது. உண்மையான ஜே காக்கைக் குலத்தைச் சேர்ந்தது. சிங்கராசக் காட்டில் வாழும் நம் நீல மக்பைக்கு ஒருவகையில் உறவுமுறை. இளங்கபில உடலும், சிறகின் விளிம்பிலே கறுப்புக் கோடிட்ட ஒளிரும் நீலப் பட்டையும் உடையது. குரல் கரடுமுரடானது. கூச்சம் மிக்கது, காட்டை விட்டு வெளியே வருவது அரிது, அகன்ற நீர்ப்பரப்பைக் கடக்கப் பெரிதும் தயங்கும். பால்டிக் கரையிலும் சுவீடனின் தென்முனையிலும் கூட்டமாக வந்து சேரும் ஜேக்கள், கடல் மீது சிறிது தூரம் பறந்துவிட்டு மனம் மாறியது போலத் திரும்பி வருவதைப் பார்வையாளர் பலர் குறித்துள்ளனர். அத்தகைய பறவை கடலின் நடுவேயுள்ள ஒரு பாறையின் மேல் ஆயிரக்கணக்கில் பறந்ததென்றால், பின்னே காட்டில் நேர்ந்தது சிறிய நிகழ்ச்சியாக இருத்தல் இயலாது.

காட்டில் நேர்ந்ததை ஜேயின் பெயரே சொல்கின்றது. 1758இல் லின்னேயசு அதற்கிட்ட இலத்தீன் பெயருக்கு ஓக்குக் கொட்டைக்கு உரியது என்று பொருள். ஜேர்மன் மொழிப் பெயரும் அவ்வாறே. செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் ஓக்குக் கொட்டை முற்றி உதிருங்கால், ஜே நாள் முழுவதும் ஓயாது உழைக்கும். பல கொட்டைகளைத் தொண்டையிலே அடக்கி, ஒன்றை அலகிலே பற்றி, தொலைவுக்குப் பறந்து சென்று, ஒவ்வொன்றாக மண்ணிலே புதைக்கும். ஓர் இலையுதிர் காலத்தில் ஒரு பறவை புதைப்பவை சில ஆயிரம். குளிர் காலத்திலும் அடுத்த இளவேனிலிலும் அவற்றை நினைவிலிருந்து தோண்டி உண்ணும். ஆகவே ஓக்குக் கொட்டை என்பது ஜேக்கு அன்றாட உணவு மட்டுமன்று. மாரி முழுவதற்குமான நெற்பட்டறை. பட்டறை வெறுமையாயின் குடும்பம் ஊரைவிட்டுப் போகத்தானே வேண்டும்?

எங்கே போகின்றன, திரும்பி வருகின்றனவா என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாதிருந்தது. அதற்கு வழி கண்டவர் ஒரு பள்ளி ஆசிரியர். டென்மார்க்கின் விபோர்க் நகரில் ஆசிரியராக இருந்த ஹான்சு மோர்ட்டென்சன், 1890இல் மைனாவின் இனத்ததாகிய ஸ்டார்லிங் பறவைகள் இரண்டின் காலில் துத்தநாக வளையம் பூட்டிப் பார்த்தார். வளையம் பாரமாக இருந்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1899இல், இலேசான அலுமினிய வளையங்களிலே எண்ணும் ஊர்ப்பெயரும் பொறித்து 165 பறவைகளுக்குப் பூட்டி விடுத்தார். எங்கோ ஓரிடத்தில் அப்பறவை கையிற் கிடைத்தால் கண்டெடுத்தவர் கடிதம் எழுதுவார். ஒரு பறவையின் பயணம் இரண்டு புள்ளிகளாகப் பதிவாகும். உலகெங்கும் இன்றளவும் நடைபெறும் வளையமிடும் முறை அந்த ஆசிரியரின் ஓய்வு நேரத்தில் பிறந்ததேயாகும்.

1901இல் யொகான்னசு தீனமான் என்பவர் பால்டிக் கடற்கரையில் றொசித்தென் என்னும் சிற்றூரிலே ஒரு பறவை நிலையத்தை நிறுவினார். ஒருபுறம் கடலும் மறுபுறம் உப்பங்கழியுமாக நூறு கிலோமீற்றர் அளவுக்கு நீண்டு கிடக்கும் குறுகிய மணற்றிட்டு அது. கடலைக் கடக்க அஞ்சும் பறவைகள் யாவும் அம்மணற்றிட்டின் வழியே ஒதுங்கிச் செல்லும். இரண்டாம் உலகப் போரில் அந்நிலையம் அழிந்தது. ஊர் இரசியர் வசமாகிப் பெயரும் றிபாச்சி என மாறியது. ஆயினும் 1956இல் அதே மணற்றிட்டில் சோவியத் அறிஞர் நிலையத்தை மீண்டும் தொடங்கினர். கொடி மாறியது, மொழி மாறியது. வளையமும் எண்ணும் மாறவில்லை. சில இலையுதிர் காலங்களில் அங்கு விரிக்கப்படும் பெருவலைகளில் ஜே மிக அருகியே விழும். சில ஆண்டுகளில் திரள் திரளாக விழும். அவ்வாறு விழுபவற்றுட் பெரும்பாலானவை அவ்வாண்டிலே பொரித்த இளம் பறவைகள்.

இதற்கு அக்கால அறிஞர் சொன்ன விளக்கம் சற்றுக் கொடூரமானது. மிகுதியாகப் பெருகிவிட்ட பறவைகளை இயற்கை வெளியே தள்ளிவிடுகின்றது. அவை மீளாமலே மடிகின்றன. எஞ்சியவை வாழ்கின்றன என்பர். கொதிகலத்தின் ஆவி வாயில் போல் இப்பயணத்தை அவர்கள் கருதினர். இக்கருத்தை முதலில் வலுவாக அசைத்தவர்கள் இருவர். ஒக்ஸ்போர்டைச் சேர்ந்த டேவிட் லாக், 1954இல் வெளியான தம் நூலில் ஒரு வினாவை எழுப்பினார். வெளியேறும் பறவை யாவும் மடிவது உண்மையாயின், வெளியேறும் இயல்பே சில தலைமுறைகளுக்குள் அற்றுப்போயிருக்க வேண்டாவா? வெளியேறியவற்றுட் சிலவேனும் பிழைத்து மீண்டு குஞ்சு பொரிக்கின்றன என்றாலன்றி அவ்வியல்பு நிலைத்தல் எவ்வாறு? மற்றையவர் சுவீடனைச் சேர்ந்த குன்னார் சுவார்ட்சன். மீன் ஆராய்ச்சியே அவருடைய உத்தியோகம். பறவைகளும் அவர் சிந்தனையைக் கவர்ந்தன. 1957இல் எழுதிய கட்டுரையிலே அவர் சொன்னது மிக எளிது: இப்பறவைகள் ஒவ்வோர் ஆண்டும் புறப்படவே செய்கின்றன, உணவு நிறைந்த இடம் கண்டதும் நின்றுவிடுகின்றன, காய்த்த ஆண்டில் பயணம் வீட்டு வாயிலோடு முடிகின்றது, காய்க்காத ஆண்டில் கண்டத்தின் மறுகரை வரை நீள்கின்றது. கொள்ளைநோய்ப் பறவை என்றும் சாவுப் பறவை என்றும் பெயர் பெற்ற இனங்கள், ஈற்றில் உணவு தேடி நெடுவழி நடக்கும் குடும்பத்தலைவரைப் போன்றவையே என்பது அதனால் விளங்கிற்று.

சுவார்ட்சன் கட்டுரை எழுதிய அதே 1957இன் இலையுதிர் காலத்தில் இங்கிலாந்து ஒரு விநோதத்தைக் கண்டது. பட்டாணிக் குருவியும் அதன் இனத்தவையும் தென்கிழக்குக் கரையோரத்தில் அளவின்றித் திரண்டன. கண்டத்திலிருந்தும் கடல் கடந்து வந்தன. வீட்டுச் சன்னல் வழியே நுழைந்து சுவரில் ஒட்டிய காகிதத்தைக் கிழித்தன. கண்ணாடியைப் பொருத்திய மாக்குப் பசையைக் கொத்தின. வாயிலில் வைக்கப்பட்ட பாற்போத்தல்களின் மூடியைத் திறந்து ஏட்டைக் குடிக்கும் பழக்கத்தை இவ்வினம் முன்னரே கற்றிருந்தது. அப்பழக்கம் 1921இலேயே தென் இங்கிலாந்தில் குறிக்கப்பட்டுள்ளது. நானூறு ஆண்டுகளுக்கு முன்னராயின் வீட்டுக்குள் புகுந்து சுவரைக் கிழிக்கும் குருவிக்கூட்டம் என்ன பெயர் பெற்றிருக்கும் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். 1957இல் நடந்ததோ வேறு. பார்த்தவர்கள் நாளையும் இடத்தையும் எழுதி அனுப்பினர். அக்குறிப்புகளை மூவர் தொகுத்து ஆராய்ந்து 1960இல் வெளியிட்டனர்.

இனி மரங்களின் பக்கத்துக்கு வருவோம். ஏனெனில் பறவையின் கணக்கு மரத்தின் கணக்கிலிருந்தே பிறக்கின்றது. ஓக்கு, பீச்சு, ஸ்புரூசு ஆகிய மரங்கள் மா, பலா போல ஆண்டுதோறும் ஓரளவேனும் காய்ப்பவை அல்ல. ஓராண்டு கிளை முறியக் காய்க்கும்; அடுத்த ஆண்டு ஏறக்குறைய ஒன்றுமே இராது. ஒரு மரம் மட்டுமன்று, பல நூறு கிலோமீற்றர் பரப்பிலுள்ள மரங்கள் யாவும் பேசி வைத்தாற்போல் ஒன்றாகவே காய்க்கும், ஒன்றாகவே ஓயும். முன்னைய கோடையின் வெப்பம், பூக்கும் பருவத்து உறைபனி, பெருங்காய்ப்பினால் நேரும் களைப்பு ஆகியவை இதற்குக் காரணங்கள். இதனால் மரத்துக்கு ஓர் ஊதியமும் உண்டு. ஓய்ந்த ஆண்டுகளிலே விதை தின்னும் உயிர்கள் குறைகின்றன, பின்னர் ஒரே முறையில் கொட்டும் விதையை அவற்றால் தின்று தீர்க்க முடிவதில்லை, எஞ்சியவை முளைக்கின்றன.

நம் மலைநாட்டிலும் இதற்கொப்ப ஒன்று நிகழ்வதைக் காணலாம். நெலு என்னும் செடி பல ஆண்டுகளுக்கு ஒருமுறை மலைச்சாரல் எங்கும் ஒருங்கே பூத்து, விதை சொரிந்து, மடியும். அவ்விதை விழும் காலத்தில் காட்டுக்கோழிகள் எங்கெங்கிருந்தோ அங்கே வந்து கூடும். உணவு மிகுந்த இடத்துக்குப் பறவை செல்வதை நாம் காண்கின்றோம்; உணவு அற்ற இடத்தைவிட்டுப் பறவை போவதை ஐரோப்பியர் கண்டனர்.

ஆகவே பெரும் பயணத்துக்கு இரண்டு ஆண்டுகள் வேண்டும். காய்த்த ஆண்டில் முதிய பறவைகள் மாரியைத் தப்பிப் பிழைத்து, அடுத்த வேனிலில் நிறையக் குஞ்சு பொரிக்கின்றன. அவ்விலையுதிர் காலத்தில் மரங்கள் ஓய்ந்திருக்கின்றன. வாய்கள் மிகுந்து, பட்டறை வெறுமையான அந்நேரத்தில் காடே எழுந்து பறக்கின்றது.

1968இல் இதன் துயரமிக்க முகம் தெரிந்தது. சைபீரியாவில் கல்பைன் மரத்தின் விதைகளை உண்டு வாழும் கொட்டையுடைப்பான் என்னும் பறவை, அவ்வாண்டு ஆகத்து மாதம் முதல் ஐரோப்பாவின் மேற்கு நாடுகளுக்குள் ஆயிரக்கணக்கில் வந்தது. 1844இலும் 1911இலும் இத்தகைய வருகைகள் நேர்ந்ததுண்டு. பிரித்தானியாவில் மட்டும் 1968இல் முந்நூறுக்கு மேற்பட்டவை காணப்பட்டன; மற்றைய ஆண்டுகளில் அங்கு ஒன்றைக் காண்பதே செய்தி. மனிதரை அறியாத காட்டிலிருந்து வந்தமையால் அவற்றுக்கு அச்சம் இருக்கவில்லை. வீட்டுத் தோட்டங்களில் மனிதரின் காலடியிலே இரை தேடின. பூனைக்கும் மோட்டார் வண்டிக்கும் இரையாயின. பழகிய விதை அங்கே இல்லை. பெரும்பாலானவை மீளவில்லை.

ஜேயின் முறை 1983இல் வந்தது. அவ்வாண்டு பிரித்தானியாவிலும் ஐரோப்பாவின் பல பகுதிகளிலும் ஓக்கு ஒருங்கே பொய்த்தது. தனித்தோ சோடியாகவோ மறைந்து திரியும் ஜே, ஒக்டோபரில் இங்கிலாந்தின் தென்கரையிலும் தென்மேற்குக் கரையிலும் நூற்றுக்கணக்கிலே அணியணியாகப் பறந்தது. அவற்றுட் கடல் கடந்து வந்தவை எத்தனை, அந்நாட்டுக் காடுகளிலிருந்தே வெளியேறியவை எத்தனை என்று அறிஞர் வாதிட்டனர். இருவகையும் இருந்தன என்பதே முடிவு. நூறு ஆண்டுகளுக்கு முன்னர் கேற்கே பார்த்த காட்சி மீண்டும் ஒருமுறை அரங்கேறியது. இம்முறை பார்த்தவர் ஒருவரல்லர், பல நூற்றுவர். 2012இலும் ஓக்கு காய்க்காமல் அந்நாட்டில் ஜேக்கள் இவ்வாறே நடமாடின.

மீள்கின்றனவா என்னும் பழைய வினாவுக்கு வளையங்கள் மெல்ல மெல்ல விடை கூறின. மேற்கு ஐரோப்பாவிலே வளையம் இடப்பட்ட குறுக்கலகன்கள் சில, பின்வந்த ஆண்டுகளில் இரசியாவின் வடபுலத்திலே கண்டெடுக்கப்பட்டன. புறப்பட்ட அதே ஆண்டில் அல்ல. ஓரிரு ஆண்டுகள் எங்கோ பிழைத்திருந்து, பின்னரே திரும்பியிருக்கின்றன. டேவிட் லாக் தருக்கத்தால் எதிர்பார்த்ததை அலுமினியத் துண்டுகள் மெய்ப்பித்தன.

ஜேயின் கணக்கில் இன்னும் ஒரு வரவு எழுதப்படாதிருந்தது. 1899இல் கிளெமென்ட் ரீட் என்னும் ஆங்கிலப் புவிச்சரிதவியலார், பிரித்தானியத் தாவரங்களின் தோற்றம் பற்றிய நூலில் ஒரு புதிரை முன்வைத்தார். பனியூழி நீங்கிய பின்னர் ஓக்கு மரம் தெற்கிலிருந்து ஸ்கொத்லாந்தின் வடபகுதி வரை பரவியிருக்கின்றது. பாரமான அதன் கொட்டையோ தாய்மரத்தின் அடியிலேயே விழுகின்றது. தானாகவே பரவுவதாயின் அத்தூரத்துக்குப் பத்து இலட்சம் ஆண்டுகள் வரை செல்லும். பனியூழி நீங்கியோ சில ஆயிரம் ஆண்டுகளே ஆகின்றன. கொட்டையைப் பறவைகள் சுமந்திருத்தல் வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். அவர் எண்ணியது காக்கையின் வேறொரு இனத்தை. பின்வந்தோர் ஜேயையே முதன்மையாகச் சுட்டினர். 1979இல் ஒல்லாந்தைச் சேர்ந்த பொசெமா, ஜேக்கும் ஓக்குக்கும் இடையேயுள்ள இவ்வுறவை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். புதைத்த கொட்டைகளிலே ஜே தோண்டாது விட்டவை முளைக்கின்றன. முளைத்த பின்னும் கன்றின் விதையிலையைக் கொய்து தன் குஞ்சுக்கு ஊட்டுகின்றது. கன்றோ பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றது.

வேட்டைப் பறவைகளின் முட்டையைத் திருடும் எதிரி என்று கருதி, இங்கிலாந்தின் பெருநிலக்காரர்களுடைய காவலர்கள் ஜேயைப் பல தலைமுறைகளாகச் சுட்டு வந்தனர். அதன் நீல இறகுகள் தொப்பிகளிலும் தூண்டில் இரைகளிலும் செருகப்பட்டன. முட்டையை அது தின்பது மெய்யே. ஆனால் மறுபக்கத்துக் கணக்கையும் பார்த்தவர்கள் இருக்கின்றனர். 2006இல் சுவீடனில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. தலைநகராகிய ஸ்டொக்ஹோமின் பெரும் பூங்காவிலுள்ள ஓக்குக் காட்டை ஜேக்கள் புதுப்பித்து வருகின்றன. அதே வேலையை ஆட்களைக் கொண்டு செய்வித்தால் ஒரு சோடி ஜேயின் உழைப்புக்கு ஈடாகப் பல ஆயிரம் டொலர் செலவாகும் என அவ்வாராய்ச்சியாளர் மதிப்பிட்டனர்.

ஜேர்மனியிலே வனப் பகுதியினர் இன்னும் ஒருபடி மேலே சென்றுள்ளனர். ஊசியிலை மரங்களை மட்டும் நட்டு வளர்த்த காடுகளிலே ஓக்கையும் கலந்து வளர்க்க விரும்பும் அவர்கள், கால் நட்ட மரத் தட்டுகளிலே ஓக்குக் கொட்டைகளை நிரப்பி, இலையுதிர் காலத்தில் காட்டினுள்ளே வைக்கின்றனர். அத்தட்டுகளுக்கு ஜே மேசை என்று பெயர். ஜே வந்து ஒவ்வொன்றாக எடுத்துச் செல்கின்றது. தான் விரும்பிய இடத்தில், தான் விரும்பிய ஆழத்தில் புதைக்கின்றது. சில ஆண்டுகள் கழித்து, பைன் மரங்களின் நிழலிலே எவரும் நடாத ஓக்குக் கன்றுகள் எழுந்து நிற்கின்றன.